ஜிம்முக்கு கட்டின காசு யாரோடது? நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசோட கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையில இருக்கிறவங்களுக்கும், டெல்லியில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துல இருக்கிறவங்களுக்கும்,

அய்யா, அம்மா, வணக்கம்.

நான் தாம்பரம் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில அக்கவுன்ட்ஸ் பாக்குறவன். வயசு 43. சட்டம் படிச்சவன் இல்ல, ஆனா 20 வருஷமா வரவு செலவு எழுதி எழுதி யார் காசு யார்கிட்ட நிக்குதுன்னு பாக்குறது மட்டும் கைவந்திருக்கு, அத வெச்சுத்தான் இத எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

2024 ஆகஸ்ட்ல சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாத்திரை இப்ப வேணாம், முதல்ல உடம்ப அசைங்கன்னாரு. அந்த வாரமே எங்க ஏரியா சூப்பர் மார்க்கெட் வாசல்ல ஒரு ஸ்டால், புது ஜிம் வருது, திறக்கிறதுக்கு முன்னாடி சேந்தா ஆஃபர்னு பலூன் எல்லாம் கட்டி ஒரு சக்கரம் வேற வெச்சிருந்தாங்க, சுத்துங்க சார்னாங்க. சுத்தினேன். "6 மாசம் ஃப்ரீ"ல நின்னுச்சு. எனக்கு முன்னாடி சுத்தின அக்காவுக்கும் அதே, பின்னாடி வந்த காலேஜ் பையனுக்கும் அதே. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும், உறைக்கல. வருஷத்துக்கு 14,999, கூட 6 மாசம் ஃப்ரீ, ஆக மொத்தம் 18 மாசம், ஜிஎஸ்டி எல்லாம் உள்ளயே சார், ஆனா இந்த ரேட்டு இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தான். க்யூஆர ஸ்கேன் பண்ணா ஜிம் பேரு வரல, யாரோ ஒரு தனி ஆள் பேரு வந்துச்சு, கேட்டதுக்கு ஓனர் சார் பேருன்னாங்க. அனுப்பிட்டேன். கையில ஒரு சின்ன ரசீது, கார்பன் காப்பி, அது மேல ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் குடுத்தாங்க: கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது. காசு போனதுக்கு அப்புறம் குத்தின ஸ்டாம்ப், இங்க் கூட காயல, கட்ட விரல்ல ஊதாவா ஒட்டிக்கிச்சு.

செப்டம்பர் 1ம் தேதி திறந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மாஸ்டர் நல்ல பையன், முட்டி வலிக்குதுன்னு முகத்த சுளிச்சாலே "இந்த மெஷின் வேணாம் சார், அந்தப் பக்கம் வாங்க"ன்னு தானா கூட்டிட்டுப் போவான். மூணு கிலோ குறைஞ்சேன். டிசம்பர்ல ஏசி நின்னுச்சு, குளிர் காலம் தானேன்னு யாரும் கேக்கல. பொங்கலுக்கு அப்புறம் தண்ணி கேன் வரல, வீட்ல இருந்து பாட்டில் கொண்டு வாங்கன்னாங்க. அப்புறம் மாஸ்டரக் காணோம், டீக்கடையில பாத்தப்ப ரெண்டு மாச சம்பளம் பாக்கி சார்னு சொன்னான். ஜனவரி கடைசியில ஷட்டர்ல ஒரு ஏ4 பேப்பர், ரெனவேஷன் காரணமா 10 நாள் லீவு. வாட்ஸப் குரூப்ப அட்மின் மட்டும் பேசற மாதிரி மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் அட்மினும் பேசல.

மே மாசம் அதே ஷட்டர் திறந்துச்சு, மேல வேற போர்டு. உள்ள போனா எல்லாம் அப்படியே இருக்கு. கண்ணாடியில கீழ் மூலையில இருந்த விரிசல் இருக்கு, கீச்சு கீச்சுன்னு கத்துற மூணாவது ட்ரெட்மில் இருக்கு, 27ம் நம்பர் லாக்கர்ல நான் போட்ட பூட்டு கூட அப்படியே தொங்குது. கவுன்டர்ல இருந்த தம்பிகிட்ட ரசீதக் காட்டினேன். "அது பழைய மேனேஜ்மென்ட் சார், எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல, உங்களுக்காக வேணா ஒரு ஸ்பெஷல் ரேட் போட்டுத் தரேன், 11,999." அப்ப மெஷின் எல்லாம்? "மெஷின் நாங்க வாங்கிட்டோம் சார்." லாக்கர்? "லாக்கரும் தான்." சரி தம்பி, லாக்கர் உள்ள என் ஷூ இருக்கே, அது? "அது உங்களோடது சார், தாராளமா எடுத்துக்கோங்க."

எடுத்துட்டு வந்தேன், பூஞ்சை புடிச்சுப் போயிருந்துச்சு. வீட்டுக்கு வர வழியெல்லாம் அந்தத் தம்பி சொன்னது தான் மனசுல ஓடிச்சு. மேனேஜ்மென்ட் மாறினாலும் ஷூ என்னோடது தான், அதுல அவனுக்கு சந்தேகமே இல்ல. அப்ப இன்னும் 13 மாசத்துக்கு நான் கட்டி வெச்ச 10,833 ரூபா மட்டும் எப்படி என்னோடது இல்லாமப் போச்சு? உங்க ரெண்டு ஆபீஸையும் நான் கேக்க வந்தது இந்த ஒரு கேள்வி தான், மீதி எல்லாம் இதச் சுத்தித்தான் வரும்.

எங்க கடையில ஒரு கஸ்டமர் கியர் பாக்ஸுக்கு அட்வான்ஸ் 5,000 குடுத்தா அத நான் வருமானத்துல எழுதவே மாட்டேன். பொருள் கை மாறுற வரைக்கும் அது பொறுப்பு பக்கத்துல, அதாவது நாங்க அவருக்குக் குடுக்க வேண்டிய கடன் பக்கத்துல நிக்கும். பிகாம் முதல் வருஷப் பையனுக்குத் தெரிஞ்ச கணக்கு இது. 18 மாசத்துக்கு காசு வாங்கி 5 மாசம் மட்டும் மெஷின ஓட்ட விட்டா மீதி 13 மாசக் காசு கடன், லாபம் இல்ல. அந்தக் கடன "எக்காரணம் கொண்டும் தர மாட்டோம்"னு முன்கூட்டியே ஒரு ஸ்டாம்ப் குத்தி அடைச்சிரலாம்னா நாளைக்கு பேங்க்ல லோன் வாங்குற எல்லாரும் ஆளுக்கொரு ஸ்டாம்ப் செஞ்சு வெச்சுக்கலாமே.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. நான் கட்டினப்ப ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 14,999ல அது 2,288 ரூபா வரும். சேவைக்கு முன்பணம் வாங்கினா வாங்கினப்பவே வரி கட்டணும்னு சட்டம், ஆக அவங்க ஒழுங்கா கட்டியிருந்தா நடக்காத 13 மாச உடற்பயிற்சிக்கும் அரசாங்கத்துக்கு வரி போயிருக்கணும். கட்டினாங்களான்னு பாக்கலாம்னா ரசீதுல ஜிஎஸ்டி நம்பரே இல்ல. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிம்முக்கு வரி 5 சதவீதம்னு குறைச்சிருக்கீங்க, சந்தோஷம், உள்ளீட்டு வரிக் கழிவு (ஜிம் வாங்குற பொருளுக்கும் சேவைக்கும் கட்டின ஜிஎஸ்டிய கழிச்சுக்கிற வசதி) கிடையாதுங்கிறதால அது முழுசா நம்ம கைக்கு வருமாங்கிறது வேற கதை. வரியக் குறைக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு அந்த வரி உக்காந்திருக்கிற முன்பணத்தையும் கொஞ்சம் பாக்கணும்னு ஏன் தோணல?

சட்டமே இல்லன்னு நான் சொல்ல வரல. படிச்சுப் பாத்தேன், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். அதுல 2(46)ல நியாயமற்ற ஒப்பந்தம்னா என்னன்னு தெளிவா எழுதியிருக்கு. ஆன நஷ்டத்துக்கு சம்பந்தமே இல்லாத அபராதம் போடறது, சரியான காரணம் இல்லாம ஒரு தரப்பு மட்டும் தன்னிஷ்டத்துக்கு முறிச்சுக்கறது, நம்ம சம்மதம் இல்லாம நமக்குப் பாதகமா ஒப்பந்தத்த இன்னொருத்தர் கைக்கு மாத்தி விடறது, நுகர்வோர பாதகமான நிலைமையில தள்ளுற நியாயமில்லாத எந்த நிபந்தனையும். என் ரசீதுல குத்தின அந்த ஒத்த வரி ஸ்டாம்ப்புக்காகவே எழுதின மாதிரி இருக்கு. அடுத்த உட்பிரிவுல, குறையுள்ள சேவைக்கு வாங்கின காச ரசீதுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு ஒண்ணும் போடலன்னா 30 நாளுக்குள்ள திருப்பித் தர மறுக்கிறது நியாயமற்ற வணிக நடைமுறைன்னும் இருக்கு.

ஆனா வாசல் எங்க இருக்குன்னு பாருங்க. ஒரு ஒப்பந்த நிபந்தனை நியாயமில்ல, அதனால செல்லாதுன்னு சொல்ற அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு, அதாவது நுகர்வோர் வழக்க விசாரிக்கிற கோர்ட்டுக்கு, இல்ல. கட்டின காசு 10 கோடி வரைக்கும் இருந்தா அது மாநில நுகர்வோர் ஆணையத்து கிட்ட இருக்கு, அதே சட்டத்தோட 47வது, 49வது பிரிவு. மாவட்ட ஆணையத்துல சேவைக் குறைபாடு, நியாயமற்ற நடைமுறைன்னு போட்டு காசத் திருப்பிக் கேக்கலாம், கேக்குறாங்க, கிடைக்குது. ஆனா அந்த ஸ்டாம்ப்பையே செல்லாததாக்கணும்னா கோவில்பட்டியில 9,000 ரூபா கட்டின ஒருத்தர் மாநில ஆணையத்துக்குப் போகணும். ஆன்லைன்ல மனு போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், இதெல்லாம் உண்மையிலயே நல்ல விஷயம், நான் மறுக்கல. இருந்தாலும் ஒவ்வொரு ஜிம்முலயும் ஒரே ஸ்டாம்ப் குத்துறாங்க, அத ஒவ்வொருத்தரா போயி அழிச்சுட்டு வரணும்னா எத்தன பேர் போவாங்க? 9,000 ரூபாய்க்கு எத்தன நாள் லீவு போடுவாங்க? இது அந்த ஸ்டாம்ப் செஞ்சவருக்கு நல்லாவே தெரியும்.

நான் மனு எழுத உக்காந்தப்ப இன்னொரு சிக்கல், எதிர் மனுதாரர்ங்கிற எடத்துல யார் பேர எழுதுறது? ரசீதுல இருக்கிறது ஜிம்மோட போர்டு பேரு, அது கம்பெனியா, பார்ட்னர்ஷிப்பா, தனி ஆளான்னு ஒண்ணும் இல்ல. ஜிபேயில இருக்கிறது வேற ஒரு ஆள் பேரு. வாட்ஸப் நம்பர் சுவிட்ச் ஆஃப். பில்டிங் ஓனர்கிட்ட கேட்டேன், எனக்கே மூணு மாச வாடகை பாக்கி தம்பி, நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்கன்னாரு. ஒரு வருஷத்துக்கு மேல காசு வாங்குற இடம், காசு வாங்குறவர் யாரு, பதிவு முகவரி என்னன்னு ரசீதுல எழுதணும்னு ஒரு விதி போட எவ்ளோ செலவாகும்? ஒரு பிஸ்கட் பாக்கெட்ல கூட தயாரிச்சவர் பேரும் அட்ரஸும் இருக்குங்க.

ஜிம் நடத்துறவங்க பக்கமும் பேசணும், இல்லன்னா இது நியாயமான மடலா இருக்காது. கட்டட அட்வான்ஸ், மெஷின் லோன், கமர்ஷியல் ரேட்ல கரன்ட் பில், ட்ரெட்மில் பெல்ட் அறுந்தா அதுக்கு ஒரு செலவு. ஜனவரி 1ம் தேதி ட்ரெட்மில்லுக்கு க்யூ நிக்கும், மார்ச்ல ஈ ஓட்டுவாங்க, மாசா மாசம் வசூல் பண்ணா மார்ச்லயே மூட வேண்டியது தான்னு ஒரு ஓனர் அண்ணன் என்கிட்ட நேராவே சொன்னாரு. அவர் சொல்றதுல உண்மை இருக்கு. அமெரிக்காவுல மூணு ஜிம்முல 7,752 மெம்பர்களோட வருகைப் பதிவ வெச்சு 2006ல வந்த ஒரு ஆய்வு இதத்தான் சொல்லுது, 70 டாலருக்கு மேல மாசக் கட்டணம் கட்டினவங்க மாசத்துக்கு சராசரியா 4.3 தடவை தான் வந்திருக்காங்க, ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல விழுந்திருக்கு, அதே ஜிம்முல 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர் தான். நாம வர மாட்டோம்ங்கிறது மேல தான் அந்த யாவாரமே நிக்குது. இதுல நம்ம சோம்பேறித்தனமும் சேத்தி, அதுக்கு நான் சட்டம் கேக்கல. நான் வராத நாளுக்கு காசு திருப்பிக் குடுங்கன்னும் கேக்கல. ஷட்டர் திறக்காத நாளுக்குத் தான் கேக்குறேன்.

அதோட எல்லா ஜிம்மும் அப்படி இல்ல. எங்க பழைய வீட்டுப் பக்கம், பெருங்களத்தூர் போற வழியில ஒரு தகரக் கொட்டாய் ஜிம் இருந்துச்சு, உள்ள நுழைஞ்சதும் ஆஞ்சநேயர் படம், வெள்ளிக்கிழமை கற்பூரம், துருப்புடிச்ச ப்ளேட்டு, ரெண்டு ஃபேன். அண்ணன் ஒரு நீள நோட்டு வெச்சிருப்பாரு, மாசம் 500, 5ம் தேதிக்குள்ள குடுத்தா டிக், குடுக்கலன்னா பேருக்கு நேரா ஒரு சின்ன வட்டம். காய்ச்சல்னு பத்து நாள் போகலன்னா அடுத்த மாசம் பத்தாம் தேதி குடு போதும்பாரு. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டு ஆகஸ்ட் 10ம் தேதி தான் தமிழ்நாட்ல ஜிம் திறக்க விட்டாங்க இல்ல, அந்த நாலரை மாசத்துக்கு அவர் யார்கிட்டயும் நயா பைசா வாங்கல, வாங்க முடியாது, ஏன்னா நோட்டுல மாசா மாசம் தான் கணக்கு. வருஷ சந்தா கட்டினவங்க தான் அந்த நாலரை மாசத்த எக்ஸ்டெண்ட் பண்ணுங்கன்னு கெஞ்சிட்டு நின்னாங்க, சில இடத்துல குடுத்தாங்க, சில இடத்துல அது எங்க தப்பா சார்னு கேட்டாங்க. ஜெர்மனியில இதே சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, மூடியிருந்த மாசத்துக்கு காசத்தான் திருப்பித் தரணும், கடைசியில நாள் சேத்துத் தரேன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு 2022 மே மாசம் தீர்ப்பு வந்துச்சு.

அதனால நான் கேக்குறது முன்பணமே கூடாதுன்னு இல்ல. ஒரு அளவு வைங்க. மூணு மாசத்துக்கு மேல ஒரே அடியா வாங்கக்கூடாதுன்னு வெச்சா பெரும்பாலான பிரச்சினை அங்கயே முடிஞ்சிரும், மூடிட்டுப் போனாலும் ரெண்டு மூணு மாசக் காசோட போகும். இல்ல, வருஷக் கணக்குல தான் வாங்குவேன்னா வீட்டு மனை விஷயத்துல ஏற்கனவே என்ன பண்ணீங்களோ அதப் பண்ணுங்க. ரெரான்னு சொல்ற ரியல் எஸ்டேட் சட்டத்துல வீடு வாங்குறவங்க குடுக்கிற காசுல 70 சதவீதம் தனி அக்கவுன்ட்ல இருக்கணும், வேலை நடக்க நடக்கத் தான் எடுக்கணும்னு இருக்கு இல்ல? பில்டருக்கு இருக்கிற கடிவாளம் ஜிம்முக்கு சின்ன அளவுல இருந்தா என்ன தப்பு? சின்ன ஜிம்முக்கு தனி அக்கவுன்ட் எல்லாம் கஷ்டம்னு சொன்னா நியாயம் தான், அவங்க மாச சந்தா வாங்கட்டும், அந்த நோட்டு அண்ணனுக்கு எந்த விதியும் தேவையே இல்ல. அடுத்தவன் காச வருஷக் கணக்குல கையில வெச்சுக்க ஆசைப்படறவனுக்கு மட்டும் தான் இந்த விதி.

கையெழுத்து போட்டதும் யோசிக்க நாலு நாள் டைம் குடுக்கணும்ங்கிறது ரெண்டாவது. இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் கூட இல்ல. இன்சூரன்ஸ் பாலிசி வாங்கினா 30 நாளுக்குள்ள வேணாம்னு திருப்பிக் குடுக்கலாம், நேரடி விற்பனைக்கு 2021ல போட்ட விதியில யோசிக்கிற காலம்னு ஒண்ணு இருக்கு, டிஜிட்டல் லோனுக்கு 2022ல ரிசர்வ் வங்கி அதே மாதிரி ஒண்ணு வெச்சுது. எங்க கடையில பில்லிங் பாக்குற தம்பி ஒருத்தன் ஜிம் காச ஒரு ஆப் மூலமா ஈஎம்ஐ போட்டுத் தான் கட்டினான். கடன் வாங்கினதுக்கு மனசு மாற அவனுக்கு நேரம் இருந்துச்சு, எதுக்காகக் கடன் வாங்கினானோ அந்த ஜிம்முக்கு மனசு மாற நேரம் இல்ல. ஜிம் மூடினதுக்கு அப்புறமும் மாசா மாசம் ஈஎம்ஐ போயிட்டே இருக்கு, நிறுத்தினா சிபில் ஸ்கோர் (கடன ஒழுங்கா கட்டுறோமான்னு பேங்க் பாக்குற மார்க்) அடிவாங்கும், கல்யாணத்துக்கு லோன் போடணும்னு வாய மூடிட்டு கட்டிட்டு இருக்கான். சேவை நின்னா அதுக்காகக் குடுத்த கடனும் நிக்கணும், இத ரிசர்வ் வங்கிகிட்ட உக்காந்து பேச வேண்டியது நீங்க தான், அவன் போயிப் பேச முடியாது.

"இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தான்" விஷயம் கூட இதோட சேந்தது தான். 2023 நவம்பர் 30ம் தேதி டெல்லி மத்திய ஆணையத்துல இருக்கிற நீங்க 13 வகை ஏமாத்து வேலைய பட்டியல் போட்டுத் தடை பண்ணீங்க, அதுல பொய்யான அவசரம்னு ஒண்ணு இருக்கு, சந்தா பொறின்னு (சேர்றது சுலபம், விலகுறது கஷ்டம்) ஒண்ணு இருக்கு, படிச்சப்ப பலே போட்டேன். ஆனா அதெல்லாம் ஸ்க்ரீன்ல, ஆப்ல, வெப்சைட்ல நடக்கிறதுக்குத் தான். சூப்பர் மார்க்கெட் வாசல்ல பலூன் கட்டி, எங்க சுத்தினாலும் ஒரே இடத்துல நிக்கிற சக்கரத்த வெச்சா அதுக்கு என்ன பேரு? கோச்சிங் சென்டர் விளம்பரத்துக்குன்னு 2024 நவம்பர்ல தனியா வழிகாட்டுதல் போட்டீங்க, அதே 2019 சட்டத்தோட 18வது பிரிவு அதிகாரம் இதுக்கும் போதும், நாடாளுமன்றம் வரைக்கும் போக வேண்டாம்.

நடுவுல விலகுறவங்களுக்கு என்ன கணக்குங்கிறது அடுத்தது, இதுல தான் நிறைய சண்டை. எங்க தெருவுல ஒரு தங்கச்சி, சேந்த ரெண்டாவது மாசம் கர்ப்பம்னு தெரிஞ்சு டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க. ஜிம்முல கேட்டா ஃப்ரீஸ் பண்ணலாம், அதாவது மெம்பர்ஷிப்ப நிறுத்தி வெக்கலாம், அதிகபட்சம் 30 நாள்னாங்க. பத்து மாசத்துல 30 நாள்! அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே சொல்லுச்சு, எனக்குத் தான் கோவம் வந்துச்சு. நியூயார்க் சட்டத்துல மூணு நாளுக்குள்ள காரணமே சொல்லாம விலகலாம், அதுக்கு அப்புறமும் டாக்டர் சொல்லி ஆறு மாசத்துக்கு மேல வர முடியாதுன்னா விலகலாம், வீடு மாறி 25 மைல் தாண்டிப் போயிட்டா விலகலாம். அவ்ளோ தூரம் கூட போக வேணாம், நம்ம சொந்தக்காரங்க பாதிப் பேரு இருக்கிற மலேசியாவுல 1999 நுகர்வோர் சட்டத்துலயே இருக்கு, இனிமே தரப் போற சேவைக்கான ஒப்பந்தத்த ரத்து பண்ணா, அதுவரைக்கும் அனுபவிச்சதோட மதிப்பு, எடுத்துக்கிட்ட பொருளோட விலை, அது போக மொத்தத் தொகையில அதிகபட்சம் 5 சதவீதம், அதுக்கு மேல புடிக்கக் கூடாது. ரெண்டே வரி விதி. 

இந்தக் கணக்குல ஒரு குழி இருக்கு, அத இப்பவே சொல்லி வெச்சிடறேன், நாளைக்கு விதி எழுதறவங்க விழுந்துரக் கூடாது. என் 14,999ஐ 18 மாசத்தால வகுத்தா மாசம் 833, அஞ்சு மாசம் போக 10,833 வரணும். ஆனா திருப்பிக் கேட்டா அந்த ஆறு மாசம் ஃப்ரீ சார், ஃப்ரீக்கு ரீஃபண்ட் உண்டான்னு கேப்பாங்க, 12ஆல வகுத்தா மாசம் 1,250, அஞ்சு மாசம் போக 8,749 தான். விக்கிறப்ப 18, திருப்பிக் குடுக்கறப்ப 12. அடுத்து பதிவுக் கட்டணம் தனி, பயோமெட்ரிக் கட்டணம் தனின்னு ஆரம்பிப்பாங்க. அதனால கையில வாங்கின மொத்தக் காசு, சொன்ன மொத்த நாள், ஓடின நாள், இந்த மூணு மட்டும் தான் கணக்குல வரும்னு விதியிலயே எழுதிருங்க, ஃப்ரீங்கிற வார்த்தைக்கே அதுல இடம் இருக்கக் கூடாது.

பழைய மேனேஜ்மென்ட், புது மேனேஜ்மென்ட் கதைக்கு வரேன். மெஷின வாங்கினவங்க, மெம்பர்ஸோட போன் நம்பர் லிஸ்ட்ட வாங்கினவங்க (ஆமா, புது ஜிம் திறந்த அன்னைக்கே எனக்கு "வெல்கம் பேக்"னு மெசேஜ் வந்துச்சு, சம்பந்தம் இல்லன்னு சொன்னவங்க தான் அனுப்பினாங்க), அதே இடத்துல அதே தொழில நடத்துறவங்க, மெம்பர்ஸுக்கு இருக்கிற பாக்கி நாளையும் சேத்துத் தான் வாங்கணும். அந்தப் பாக்கிக்கு ஏத்த மாதிரி விலையக் குறைச்சு வாங்கிக்கட்டும், அது அவங்க ரெண்டு பேருக்குள்ள பேசிக்க வேண்டிய யாவாரம். எங்க முதலாளி போன வருஷம் பக்கத்துக் கடைய வாங்கினப்ப அவங்க கஸ்டமர்கிட்ட வாங்கி வெச்சிருந்த அட்வான்ஸ் 40,000த்த கழிச்சுட்டுத் தான் செட்டில் பண்ணாரு, நான் தான் அந்தக் கணக்க எழுதினேன். ஒருத்தரும் அத பெரிய தர்மம்னு சொல்லல, அது சாதாரணக் கணக்கு.

மாநிலத் துறைக்கு ஒரு வார்த்தை. மத்திய விதி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு நினைக்கிறேன். ஒரு பக்கத்துல தமிழ்ல மாதிரி ஒப்பந்தம் ஒண்ணு அச்சடிச்சுக் குடுங்க, பெரிய எழுத்துல, காசு வாங்குறவர் பேரு, எத்தன மாசம், விலகினா என்ன கணக்கு, மூடினா என்ன கணக்கு. உள்ளாட்சி லைசென்ஸ் குடுக்கறப்பவும் புதுப்பிக்கறப்பவும் அத ஒரு நிபந்தனையா வெக்க முடியுமான்னு பாருங்க. ரேஷன் கடையில விலைப் பட்டியல் தொங்குற மாதிரி ஜிம் கவுன்டருக்குப் பின்னாடி அது தொங்கட்டும், கூடவே 1915 உதவி எண்ணும் இருக்கட்டும். பாதிப் பேருக்கு அப்படி ஒரு நம்பர் இருக்கிறதே தெரியாது, எனக்கும் போன வருஷம் தான் தெரியும்.

என் கேஸ பொறுத்தவரைக்கும் ரெண்டு வருஷம் வரைக்கும் மனு போட டைம் இருக்கு, ஜிம் மூடினது 2025 ஜனவரி, அதுக்குள்ள அந்த ஜிபே பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு கண்டுபிடிச்சுப் போட்டுருவேன், எங்க குரூப்ல இருந்த 14 பேரு சேந்து போடலாம்னு பேசிட்டு இருக்கோம். ரசீது காப்பி, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அந்த ஏ4 பேப்பரோட போட்டோ எல்லாம் உங்க ரெண்டு ஆபீஸுக்கும் தபால்ல அனுப்பியிருக்கேன். ரசீதுல ஸ்டாம்ப் மேல ஒரு விரல் ரேகை தெரியும், அது என்னோடது தான், குழம்பிக்காதீங்க.

மூணு மாச சராசரி சுகர் (எச்பிஏ1சி) இப்ப 6.1, காலையில ஏரிக்கரையில நடக்கிறேன். அதே ஷூ தான், வெயில்ல காய வெச்சு எடுத்தேன்.

இப்படிக்கு,
தாம்பரத்துல இருந்து ஒரு நுகர்வோர்